கை தொட்ட பாடம் மறக்காது

(வீட்டிலிருந்தே படிக்கும் வளரிளம் பிள்ளைகளுக்காக ஒரு ஞாயிறு வகுப்பு: குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச ஒரு பாடம்)



நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டம் ஒன்றில் கடன் மனுக்களைப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரி எழுந்து, "எம் மக பத்தாவது தனியா எழுதப் போறா. புத்தகம் வாங்கிட்டேன், கைடும் வாங்கிட்டேன். ஆனா செய்முறைனு ஒண்ணு இருக்காமே, அதுக்கு என்னக்கா வாங்கணும்? அதுக்கும் சேர்த்துத்தான் கடன் கேக்குறேன்" என்றார்.

எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆட்டுக்கடன், தையல் மெஷின் கடன், வீட்டுப் பழுதுக் கடன் என்று எத்தனையோ மனுக்களைப் பார்த்திருக்கிறோம். கடையில் விற்காத ஒரு பொருளுக்குக் கடன் கேட்டது அந்தச் சகோதரி ஒருவர்தான். அன்றைக்கு அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தோம். அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அதில் நாங்கள் கற்றதை, தவறியதையும் சேர்த்து, இந்த இதழில் உங்களுக்குச் சொல்கிறோம்.

யார் இந்தப் பிள்ளைகள்?

எங்கள் ஊராட்சியில் 12 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும், "உங்க வீட்டுல 14 வயசு தாண்டி, பள்ளிக்கூடம் போகாம, வீட்டுல இருந்து படிக்கிற பிள்ளை, இல்ல படிக்க ஆசைப்படுற பிள்ளை இருக்கா?" என்று கேட்டோம். "எங்க குழுவுல ஒண்ணும் இல்லையே" என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். பெரியவளான பிறகு பஸ் ஏற்றி அனுப்பப் பயந்து நிறுத்திய பெண். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண். காலில் ஊனம் இருந்து நாலு கிலோமீட்டர் போக முடியாத பையன். ஒன்பதாவதில் மனசு விட்டுப்போய் நின்ற இரண்டு பையன்கள். கடைசியில் 11 பேர் தேறினார்கள்.

இவர்களை ஊர் "படிப்பு ஏறாத பிள்ளை" என்று சொல்லும். ஆனால் அந்த 11 பேரில் 7 பேர் ராத்திரி சமையல் முடிந்த பிறகு யாருடைய புத்தகத்தையாவது வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சட்டம் தெரிந்துகொள்வோம்

இந்த வகுப்பு பள்ளிக்கூடத்துக்கு மாற்று கிடையாது. 2009-ஆம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை. இடையில் நின்ற பிள்ளையை, "வயசு கூடிப்போச்சு" என்று திருப்பி அனுப்ப முடியாது. அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். ஆகவே 14 வயதுக்குள் ஒரு பிள்ளை வீட்டில் நின்றால் நேராகப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். 14 தாண்டிய பிள்ளைக்கும் பள்ளியில் சேர வழியிருந்தால் அதுதான் முதல் வழி.

அதுவும் முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவது. இதற்கு அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25 மதிப்பெண். செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, அவர்கள் சொல்லும் பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இது தெரியாமல் தேர்வு நெருங்கும்போது ஓடுகிறவர்கள் நிறையப் பேர். தேதியைச் செய்தித்தாளில் கவனித்துக்கொண்டே இருங்கள். அந்தச் சகோதரி கேட்ட "செய்முறை" இதுதான்.

இரண்டு, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. இது 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்பில் சேரலாம். தமிழிலும் எழுதலாம். ஐந்து பாடம் தேறினால் போதும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. 5 வருடத்துக்குள் 9 வாய்ப்பு உண்டு. மனையியல், ஓவியம் கூட அங்கே பாடமாக இருக்கிறது. இதில் சேருமுன், பிள்ளை பிற்பாடு எந்தப் படிப்புக்கு அல்லது வேலைக்குப் போக நினைக்கிறதோ அங்கே இந்தச் சான்றிதழ் செல்லுமா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

இரண்டு வழியிலும் ஒரு குறை இருக்கிறது. பிள்ளை தனியாக உட்கார்ந்து புத்தகத்தை மனப்பாடம் செய்கிறது. எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. கூடப் பேச இன்னொரு பிள்ளை இல்லை. படம் வரைய, பாட, நடிக்க இடமில்லை. "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இந்த இடத்தைத்தான் நாம் நிரப்ப முடியும்.

நாங்கள் செய்த முதல் தவறு

ஆரம்பத்தில் டியூஷன் மாதிரிதான் தொடங்கினோம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அழைத்து, கரும்பலகை வாங்கி, பாடம் நடத்தச் சொன்னோம். முதல் வாரம் 11 பேர் வந்தார்கள். அடுத்த வாரம் 8. மூன்றாம் வாரம் 4. ஒரு பையனிடம் காரணம் கேட்டோம். "இதுக்குப் பயந்துதானே அக்கா அங்கிருந்து வந்தேன்" என்றான். அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் பாடம் ஆயிற்று.

அப்போதுதான் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு முயற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் தொடங்கியது. பிறகு மாவட்டம் முழுவதும் பரவி 2002 வரை நடந்தது. அங்கே பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து, ஊரில் கிடைக்கும் பொருளை வைத்துத் தாங்களே சோதனை செய்து, தாங்களே விடை கண்டார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. யோசனைக்குத்தான் மதிப்பு. அந்த முயற்சியில் பங்கெடுத்த அரவிந்த் குப்தா என்கிற இன்ஜினியர் தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேப்பர் போன்றவற்றால் நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருட்களைச் செய்து காட்டியவர். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழும் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயங்களைத் தமிழில் சொல்லிவருகிறது.

நாங்களும் கரும்பலகையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். வாரம் ஒரு வேலை. கீழே ஆறு வேலைகளைக் கொடுத்திருக்கிறோம். எல்லாமே நாங்கள் செய்து பார்த்தவை.

வேலை 1: ஆரத்தி ஏன் சிவக்கிறது?

தேவை: மஞ்சள் தூள், வெள்ளைத்தாள், சுண்ணாம்பு, சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், எலுமிச்சம்பழம், செம்பருத்திப் பூ.

மஞ்சளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காய வையுங்கள். சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தால் சிவப்பாகும். சுண்ணாம்புத் தெளிவில் நனைத்தாலும் அப்படியே. சிவந்த துண்டில் புளித்தண்ணீர் விட்டால் மறுபடி மஞ்சளாகும்.

இதில் என்ன நடக்கிறது? புளி, எலுமிச்சை, மோர் ஆகியவை அமிலம். சோப்பு, சுண்ணாம்பு, சாம்பல் தண்ணீர் ஆகியவை காரம். மஞ்சள் காரத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்துதான் சிவக்கிறது. வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறையைச் சோப்புப் போட்டதும் சிவக்கிறதே, அதுவும் இதேதான்.

செம்பருத்தி இதழை வெந்நீரில் போட்டுச் சாறு எடுங்கள். எலுமிச்சை விட்டால் நல்ல சிவப்பு. சுண்ணாம்புத் தெளிவு விட்டால் பச்சை. ஆகச் செம்பருத்தி இரண்டையும் காட்டும். பரீட்சையில் கேட்கிற லிட்மஸ் தாளும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இதை முதலில் செய்தபோது, பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "நாப்பது வருசமா ஆரத்தி கரைக்கிறேன், இப்பத்தான் ஏன்னு தெரியுது" என்றார்.

எச்சரிக்கை: சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலை 2: சூரியனை அளப்போம்

தேவை: முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, கருப்புத்தாள், அளவு நாடா.

கருப்புத்தாளில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு சதுரத் துளை வெட்டிக் கண்ணாடி மேல் ஒட்டுங்கள். வெளியே வெயிலில் பிடித்து, அந்த வெளிச்சத்தை இருட்டான அறைக்குள் சுவரில் விழும்படி செய்யுங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருக்கட்டும்.

துளை சதுரம். ஆனால் சுவரில் விழும் வெளிச்சம் வட்டம்! பிள்ளைகள் ஆச்சரியப்பட்டு முக்கோணத் துளை வெட்டிப் பார்த்தார்கள். அப்போதும் வட்டம்தான். ஏனென்றால் அது துளையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழும் வெளிச்சப் பொட்டுகள் வட்டமாக இருப்பதும் இதனால்தான்.

இனி கணக்கு. எங்கள் பிள்ளைகள் அளந்தபோது வட்டத்தின் அகலம் 10 சென்டிமீட்டர். தூரம் 1000 சென்டிமீட்டர். அப்படியானால் தூரத்தில் நூறில் ஒரு பங்கு அகலம். சூரியன் இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு 15 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் உண்மையான குறுக்களவு சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். வட்டத்தின் ஓரம் மங்கலாக இருந்ததால் கொஞ்சம் கூடிவிட்டது. இருந்தாலும் பத்து ரூபாய்க் கண்ணாடியை வைத்து நம் பிள்ளைகள் சூரியனை அளந்துவிட்டார்கள். நம் பூமியை வரிசையாக வைத்தால் சூரியனுக்குக் குறுக்கே 109 பூமி பிடிக்கும்.

எச்சரிக்கை: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணாடி வெளிச்சத்தை யார் முகத்திலும் அடிக்கக் கூடாது. சுவரில் விழுவதை மட்டும் பார்க்க வேண்டும்.

வேலை 3: ஆடாத சட்டம்

தேவை: தீக்குச்சி அல்லது ஒரே அளவு மூங்கில் குச்சி, சைக்கிள் வால்வு டியூப்.

டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு குச்சிகளை ஒரு துண்டால் இணையுங்கள். மூன்று குச்சியால் முக்கோணம், நாலு குச்சியால் சதுரம் செய்யுங்கள். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்து போகும். முக்கோணம் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்தால் அது இரண்டு முக்கோணமாகி அதுவும் நின்றுவிடும். நம் வீட்டுப் படலில் குறுக்குக் கழி கட்டுவது எதற்கு என்று இப்போது பிள்ளைக்குப் புரியும். பாலத்திலும் செல்போன் கோபுரத்திலும் முக்கோணமாகவே இருப்பதும் இதனால்தான்.

இந்த வகுப்பை எடுத்தவர் கட்டட வேலைக்குப் போகும் நம் உறுப்பினர் ஒருவர். அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். "நான் என்னத்தைச் சொல்லித் தரப் போறேன்" என்று கூச்சப்பட்டார். பிறகு நூல் கயிற்றை எடுத்து, ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை மட்டம் சரி என்று தரையில் செய்து காட்டினார். புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று இருப்பதை அவர் தினமும் செய்துகொண்டிருக்கிறார். 3 × 3 = 9. 4 × 4 = 16. இரண்டையும் கூட்டினால் 25. அது 5 × 5. அன்றிலிருந்து பிள்ளைகள் அவரை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வேலை 4: கோலத்துக்குள் கணக்கு

நேர்ப்புள்ளி 7 வைத்து, 5, 3, 1 என்று இரண்டு பக்கமும் இறக்குங்கள். மொத்தம் எத்தனை புள்ளி? 1 + 3 + 5 + 7 + 5 + 3 + 1 = 25. இப்போது ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி செம்மண்ணால் வையுங்கள். மேல் முனைப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளி ஒரே நிறமாக இருக்கக் கூடாது. முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். சிவப்பு 16, வெள்ளை 9. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிவப்புப் புள்ளிகள் வரிசைக்கு 4 வீதம் 4 வரிசை. வெள்ளை வரிசைக்கு 3 வீதம் 3 வரிசை. 16-உம் 9-உம் 25! போன வாரம் மூலை மட்டத்தில் பார்த்த அதே கணக்கு இந்த வாரம் வாசலில்.

இதைப் பார்த்து ஒரு பெண், "அப்ப அம்மாக்கு எல்லாம் கணக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும், அதற்கு யாரும் கணக்கு என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய துணைவியார் ராணி சிரோமணியும் 1970-களில் கோலத்தைக் கம்ப்யூட்டர் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அதைப் படித்தார்கள். நாம் காலையில் போட்டு மாலையில் மிதிபடும் கோலம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

வேலை 5: முட்டை சொல்லும் விதை

தேவை: 10 லிட்டர் தண்ணீர், சுமார் ஒன்றரை கிலோ கல் உப்பு, ஒரு புது முட்டை, கொஞ்சம் விதை நெல்.

முட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து பழைய நாலணா காசு அளவுக்குத் தலை காட்டும். அப்போது உப்பு போதும். முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைப் போடுங்கள். பொக்கும் அரைகுறையும் மிதக்கும். கனமான நல்ல விதை அடியில் தங்கும். நல்ல விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவி எடுக்க வேண்டும்.

உப்பு கரைந்தால் தண்ணீர் கனமாகிறது. கனம் கூடிய தண்ணீர் மூழ்குகிற பொருளையும் தூக்கிவிடுகிறது. புத்தகத்தில் இதை அடர்த்தி என்று படிக்கிறார்கள். பிள்ளைகள் நல்ல விதை 50, மிதந்த விதை 50 எடுத்து ஈரச் சாக்கில் தனித்தனியாக முளைக்க வைத்து, தினமும் எண்ணி நோட்டில் எழுதினார்கள். இந்த எண்ணி எழுதுவதுதான் அறிவியல். வாத்தியார் சொன்னார் என்று நம்பாமல், தானே பார்த்து நம்புவது.

வேலை 6: நிறம் நிற்குமா?

இது ஓவியமும் அறிவியலும் சேர்ந்த வேலை. செம்மண்ணைச் சலித்துச் சிவப்பு. மஞ்சள் தூளில் மஞ்சள். ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியில் கருப்பு. வேலம்பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலந்தால் தாளில் ஒட்டும். வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கினால் தூரிகை. எங்கள் பிள்ளைகள் வரைந்தது வயல், ரேஷன் கடை வரிசை, குழுக் கூட்டம், ஒரு பஸ். பஸ்ஸை வரைந்தவள், பஸ் ஏற்றப் பயந்து நிறுத்தப்பட்ட பெண். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சோதனை. மூன்று நிறத்தையும் ஒரு தாளில் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி, ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். அட்டையை எடுத்தால் வெயில் பட்ட பக்கம் மஞ்சள் வெளுத்திருக்கும். செம்மண்ணும் கரியும் அப்படியே இருக்கும். மஞ்சளின் நிறம் வெயிலில் சிதைந்துபோகிறது. செம்மண்ணின் நிறம் இரும்புத் துருவின் நிறம், அதை வெயில் ஒன்றும் செய்யாது. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குகையில் ஆயிரம் வருடத்துக்கு முன் தீட்டிய ஓவியங்கள் இன்றும் கொஞ்சமாவது மிஞ்சியிருப்பதில் மண், கல் நிறங்களுக்கும் பங்கு உண்டு.

எங்கள் மனதில் நிற்கும் ஒரு விஷயம்

நல்லதை மட்டும் சொன்னால் இந்தப் பாடம் முழுமையாகாது.

16 வயதுப் பெண் ஒருத்தி. மஞ்சள் தாள் சோதனையில் தானாகவே குளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், சாம்பல் தண்ணீர் எல்லாம் கொண்டுவந்து பார்த்தவள். ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. "வேலை இருக்கும்" என்று விட்டுவிட்டோம். அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறும் விட்டுவிட்டோம். நான்காம் வாரம் வீட்டுக்குப் போனபோது அவள் வெளியூர் மில்லுக்கு வேலைக்குப் போயிருந்தாள். தங்கி வேலை பார்க்கிற இடம். அவள் அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை. கடன் கொடுக்கவே இருக்கிற கூட்டமைப்பு நாம். அந்த வீட்டுக் கடன் நமக்குத் தெரியவில்லை. அவள் அம்மா, "கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அந்தப் பெண் எழுதிய நோட்டு எங்களிடம்தான் இருக்கிறது. அவள் ஊருக்கு வரும்போது கொடுப்பதற்காக வைத்திருக்கிறோம்.

அதன் பிறகு ஒரு விதி எழுதிக்கொண்டோம். ஒரு பிள்ளை ஒரு ஞாயிறு வராவிட்டால் அந்தப் பிள்ளை இருக்கும் குழுவின் ஊக்குநர் அன்று மாலையே வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். பணக் கஷ்டம் என்றால் அவசரக் கடனாக அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் பேச வேண்டும். கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாமல் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பேச்சு எடுபடாவிட்டால் 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வகுப்பின் வருகைப் பதிவேடு நமக்கு வெறும் பதிவேடு இல்லை. சேமிப்பு கட்டாத உறுப்பினரை மூன்று வாரம் விசாரிக்காமல் விடுவோமா? பிள்ளையை மட்டும் விட்டோமே!

வகுப்பு நடத்துவது எப்படி?

இடம்: நூலகம், சமுதாயக்கூடம், இல்லாவிட்டால் ஒரு வீட்டுத் திண்ணை. நாங்கள் திண்ணையில்தான் தொடங்கினோம்.

நேரம்: ஞாயிறு காலை 10 முதல் 12 வரை. முதல் ஒன்றரை மணி நேரம் செய்வது. கடைசி அரை மணி நேரம் எழுதுவது: என்ன செய்தோம், என்ன பார்த்தோம், ஏன் என்று நினைக்கிறோம். இந்த மூன்று கேள்வி போதும்.

பணம்: குழுவுக்கு மாதம் 20 ரூபாய். 12 குழுவுக்கு 240 ரூபாய். தாள், குச்சி, உப்பு, முட்டைக்கு இது போதுமானதாக இருந்தது. வரவு செலவு ஒரு நோட்டில், மாதக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.

சொல்லித் தருபவர்: கல்லூரி படிக்கும் பிள்ளை ஒருவர், கூடவே ஒரு கை வேலை தெரிந்த உறுப்பினர். மண்பாண்டம் செய்பவர், தையல்காரர், பாய் பின்னுபவர், கூத்துப் பாட்டுத் தெரிந்த பெரியவர் என்று ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

பாதுகாப்பு: ஆணும் பெண்ணும் சேர்ந்து வரும் வகுப்பு. எப்போதும் இரண்டு தாய்மார் கூடவே உட்கார வேண்டும். இதைச் செய்த பிறகுதான் மூன்று வீட்டில் அனுமதி கிடைத்தது. நெருப்பு, கத்தி, சுண்ணாம்பு வேலையைப் பெரியவர் முன்னால்தான் செய்ய வேண்டும்.

பதில் தெரியாவிட்டால்: "எனக்குத் தெரியலை, சேர்ந்து பாப்போம்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல எங்களுக்கே ரொம்ப நாள் ஆயிற்று. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. தனித்தேர்வர்களுக்குப் பள்ளியில் தரும் செய்முறைப் பயிற்சிக்கு இந்த வகுப்பு ஈடாகாது. அங்கே கட்டாயம் போக வேண்டும். ஆனால் இங்கே கை பழகிய பிள்ளை அங்கே பயப்படாமல் நிற்கும்.

கடன் கேட்ட சகோதரியின் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். செய்முறைப் பயிற்சியில் முதல் நாள், நிறம் மாறுகிற சோதனையைப் பார்த்ததும், "இது எங்க வீட்டு ஆரத்தி மாதிரி" என்று சொல்லிவிட்டாளாம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் விளக்கிச் சொல்லச் சொன்னாராம். அறிவியலில் தேறினாள். கணக்கில் தவறிவிட்டது. அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். கணக்கு சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். கட்டட வேலை டீச்சரம்மா, "மூலை மட்டம் வரைக்கும் நான் பாத்துக்கறேன், மிச்சத்துக்கு ஆளைப் பாருங்க" என்கிறார்.

அந்தக் கடன் மனுவில் "செய்முறைப் பொருள்" என்று எழுதிய இடத்தை அந்தச் சகோதரியே பிறகு அடித்துவிட்டார்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழு உறுப்பினர் வீடுகளில் 14 வயதுக்குள் பள்ளி போகாத பிள்ளை உண்டா? யார் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போவது?

2. 14 முதல் 18 வயதுக்குள் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? பெயரைக் கேட்டு எழுதுங்கள். "இல்லை" என்று முதலில் வரும் பதிலோடு நிறுத்தாதீர்கள்.

3. நம் குழுவில் யாருக்கு என்ன கை வேலை தெரியும்? அதில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தரலாம்?

4. கேட்க வெட்கப்பட்டுக் கடனை வெளியில் வாங்கும் வீடு நம்மிடையே உண்டா? அவர்கள் கூச்சமில்லாமல் கேட்க நாம் என்ன செய்ய வேண்டும்?

5. அடுத்த கூட்டத்துக்கு முன் மேலே சொன்ன ஆறு வேலைகளில் ஒன்றைப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். உங்களுக்கு வந்த விடை வேறாக இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.